தங்கையின் தகரம்

என் தங்கை தலையைச் சுவரில் முட்டினால், அந்தச் செய்தி அம்மாவிடம் போய்ச் சேர நாலு வாய் வேண்டும். முதல் வாய், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அத்தையுடையது. இடுப்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்த அத்தை, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பின்பக்கம் போய் நின்று மலையைப் பார்த்துக் குரல் கொடுக்கும். கீழ் நிரையில் கொழுந்து எடுப்பவள் அதைக் கேட்டுத் தனக்கு மேலே நிற்பவளுக்குச் சொல்வாள். அவள் இன்னும் மேலே நிற்பவளுக்குச் சொல்வாள். "முட்டுறாளாம், எறங்கி வரச் சொல்லு" என்று அந்தக் குரல் தேயிலைக்கு மேலாக ஏறி ஏறிக் கடைசியில் அம்மாவின் காதுக்கு வரும். அம்மா கூடையைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடுவாள். அவளுடைய நிரையையும் சேர்த்து நான் எடுக்க வேண்டும்.

எங்கள் லயத்தில் எல்லாச் சண்டையும் உண்டு. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தை வைப்பதில் தொடங்கி முடியைப் பிடித்து இழுப்பது வரை போகும். ஆனால் இந்தக் குரலை மட்டும் யாரும் கீழே விட்டதில்லை. முதல் நாள் அம்மாவோடு சண்டை போட்டு மண்ணை வாரித் தூற்றியவள்கூட மறுநாள் குரலை வாங்கி மேலே அனுப்பிவிடுவாள். கங்காணியும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "போ தாயி, போய்ப் பாத்துட்டு வா" என்று விட்டுவிடுவார். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் ஒன்றுதான் என்பது எங்கள் தோட்டத்து நியாயம். அந்த நியாயத்தைப் பற்றி எங்களுக்குப் பெருமையும் இருந்தது. அதுதான் என் தங்கையின் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

இலங்கை மலையகத்தில், எல்ல என்ற ஊருக்குக் கீழே இருந்தது எங்கள் தோட்டம். அப்பா செத்தபோது எனக்குப் பதினாலு வயது, தங்கைக்கு ஒரு வயது. நான் பள்ளிக்கூடப் பையைக் கழற்றிக் கூடையை மாட்டினேன். தங்கை பிள்ளைக்காம்பராவில், மற்ற பெண்கள் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளோடு, வளர்ந்தாள். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. முகத்தைப் பார்க்க மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் மழை பெய்தால் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்று, அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்து சிரிப்பாள். மழை விடும்வரை அந்தச் சிரிப்பு இருக்கும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வேறு எதற்கும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு இதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அன்றைக்கு எங்களிடம் இருந்த பெயர்கள் ஊமை, கிறுக்கு, காத்துக்கருப்பு, சாமி குத்தம். பெயருக்குத் தகுந்த வைத்தியம். கயிறு கட்டினோம். கதிர்காமத்துக்கு நடந்தோம். உடுக்கடிக்கிற ஆள் வந்து வேப்பிலையால் அடித்தார், அடித்ததற்குப் பாக்கு வெற்றிலையும் வாங்கிக்கொண்டார். முட்டத் தொடங்கிய பிறகு அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுவரெல்லாம் துணி கட்டினாள். தங்கை துணி கட்டாத இடத்தைத் தேடிப் போய் முட்டினாள். ஐந்து வயதானதும் மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பிள்ளைக்காம்பராவிலும் எடுக்க மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பகல் முழுவதும் அத்தையின் பார்வையில் எங்கள் காம்பராவிலேயே இருந்தாள். நாலு வாய்க் குரல் அப்போதுதான் தொடங்கியது.

பத்து வயதில் முட்டுவது போதாமல் கண்ணில் குத்திக்கொள்ளப் பழகினாள். பெருவிரல் முட்டியால், ஒரே இடத்தில், எண்ணி வைத்ததுபோல் குத்துவாள். மாவுக்கும் சீனிக்கும் ஆலாய்ப் பறந்த காலம் அது. பசியில் அழுவதற்குப் பதிலாகத்தான் குத்துகிறாள் என்று நினைத்து, இருக்கிற ரொட்டியில் பாதியை அவள் வாயில் வைப்போம். ரொட்டி தீர்ந்ததும் மறுபடி குத்துவாள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடத்துக்கு அடுத்த வருடம் அவளுடைய இடது கண் வெந்த மீன் கண்ணைப்போல் வெளுத்துவிட்டது.

பதுளைக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் குத்தினாள். எதிரே இருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் தன் துண்டை மடித்து அவள் கைக்கும் கண்ணுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். இடது கண் முடிந்தது. வலது கண்ணிலும் இப்படியே அடி விழுந்தால் ஒரு நாள் அதுவும் இதே கதிதான். பேச்சு இல்லாத பிள்ளைக்குப் பார்வையும் போனால் என்ன மிஞ்சும்? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு கவலைதான். அந்த ஒற்றைக் கண்.

அங்கிருந்து எங்களை இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். அந்த லேடி டொக்டருக்கு என் வயதுதான் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு. தங்கையைத் தொட்டுப் பார்க்கவில்லை, மருந்தும் எழுதவில்லை. கேள்வியாகக் கேட்டார்.

"இவ அடிக்கிறதுக்கு முந்தி என்ன நடக்கிறது?"

"ஒண்ணும் நடக்காதுங்க. நாங்க வேலைக்கிப் போயிருவோம்" என்றாள் அம்மா.

"எப்ப அடிக்கிறேல்ல?"

"மழ பேஞ்சா அடிக்க மாட்டா. வீட்டுல நான் பக்கத்துல இருந்தாலும் அடிக்க மாட்டா. இப்பிடிப் புது எடத்துக்கு வந்தாத்தான் நான் இருந்தும் அடிக்கிறா."

"அடிச்ச உடன நீங்கள் என்ன செய்வியள்?"

அம்மா நாலு வாய்க் கதையைச் சொன்னாள். எங்கள் ஆட்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று காட்டுவதற்காக, கங்காணி சொல்வதைக்கூட அப்படியே சொல்லிக் காட்டினாள். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப அவ உங்களைக் கூப்பிடுறா அம்மா. வாய் இல்லை, அதாலதான் கண்ணில குத்திக் கூப்பிடுறா. நீங்களும் ஒவ்வொரு முறையும் வாறியள்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளைபோல் விம்மினாள். அதற்குள் தங்கை மறுபடி தொடங்கிவிட்டதால் அவளை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். மிச்சத்தைக் கேட்டது நான் ஒருத்திதான். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டொக்டர் இரண்டு விஷயம் சொன்னார். "முதலாவது, கூப்பிட அவவுக்கு வேற வழி ஒண்டு குடுக்கோணும். கையால செய்யக்கூடியது, நோகாதது. அதைச் செய்தால் அம்மா உடன ஓடி வரோணும். முன்னம் வந்ததைவிட வேகமா வரோணும். அது நல்லாப் பழகின பிறகு ரெண்டாவது. அடிச்சால் ஓடி வரக்கூடாது. பக்கத்தில இருக்கிறவை கையைப் பிடிச்சுக் கண்ணைக் காப்பாத்தினால் காணும். கதைக்க வேண்டாம், கொஞ்ச வேண்டாம். முதல்ல அடி கூடும். நல்லாக் கூடும். பயந்து இடையில விட்டியள் எண்டால் முந்தினதைவிட மோசம்." ஒரு கொப்பியில் ஒரு அடிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு மறுமாதம் வரச் சொன்னார்.

இரண்டு சொன்னார். நான் இரண்டாவதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறந்துவிட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அம்மா ஓடிய ஓட்டத்தையெல்லாம் பின்னால் நின்று பார்த்தவள் நான். எனக்குக் காய்ச்சல் என்றால், "மல்லித்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு வேலைக்கி வா" என்பாள். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களைத் தங்கையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியவளும் அவள்தான். அத்தனை வருடத்துக்குப் பிறகு, ஓட வேண்டாம் என்று படித்த ஒருவர் வாயால் கேட்டதும் என் உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் மற்றது காதில் விழுந்தும் விழாமல் போனது.

பீலியடியில் எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன். "இனி யாரும் கூப்பிடக் கூடாது. ஓடி வர்றதாலதான் அடிக்கிறாளாம். டாக்டரம்மா சொல்லியிருக்காங்க." டொக்டர் சொன்னால் எங்கள் லயத்தில் மறுபேச்சில்லை. அம்மாவிடம் என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். நான் வேலைக்குப் போகாமல் கொப்பியோடு வீட்டில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் காலை அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும் தங்கை தொடங்கினாள். நான் கையைப் பிடித்தேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, உதறிக்கொண்டு குத்தினாள். ஒரு கோடு போட்டேன். வழக்கமாக அத்தை குரல் கொடுக்கும் நேரம் வந்தது. குரல் எழவில்லை. தங்கை குத்துவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காததால் இன்னும் பலமாகக் குத்தினாள். அன்றைக்குக் கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்தது.

இரண்டாம் நாள் கதவில் தலையை முட்டினாள். பலகைக் கதவு முழங்கிய சத்தத்துக்கு யாரும் வாயால் சொல்லி அனுப்பத் தேவையே இருக்கவில்லை. மலை முழுவதும் கேட்டதாம். அத்தனை பேரும் கொழுந்தெடுப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்களாம். கங்காணியே, "எறங்கிப் போ தாயி, என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல" என்றாராம். அம்மா என் தலைமேல் செய்த சத்தியத்தை நினைத்து நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கொழுந்தோடு முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்துப் பறித்து அன்றைக்கு நிறுவையில் திட்டு வாங்கினாள்.

மூன்றாம் நாள் இரத்தம் வந்தது. நெற்றியிலிருந்து வடிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கப் போனால் என் கையைக் கடித்தாள். நான் கோடு போடுவதை விட்டுவிட்டேன். அவள் இரண்டு கையையும் என் மடிக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா கூடும்னு சொன்னாங்க, கூடும்னு சொன்னாங்க" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை வாசலில் வந்து நின்றது.

"நீயெல்லாம் ஒரு அக்காவாடி? மாட்டக்கூட இப்பிடிப் போட்டு வதைக்க மாட்டாங்க."

"உள்ள வராதீங்க அத்தை. கெஞ்சிக் கேக்குறேன், கூப்பிடாதீங்க. நடுவுல விட்டா எல்லாம் பாழாப் போயிரும்."

"பாழாப் போகட்டும். ஒன் டாக்டரு வந்து இந்த ரத்தத்தப் பாக்கட்டும்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்க் குரல் கொடுத்தது. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மற்ற மூன்று வாயும் ஒரே மூச்சில் அதை மேலே கொண்டுபோயின. அம்மா சத்தியத்தையும் என்னையும் எறிந்துவிட்டு ஓடி வந்தாள். தங்கை அந்த நிமிடமே நின்றாள். அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் இரத்த முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்து, "பாத்தியா, இதுக்குத்தான்" என்றது. நான் தரையில் கிடந்த கொப்பியை எடுத்து மூடினேன். அரைக் கிணறு தாண்டியவர்களின் கதி எனக்குத் தெரிந்திருந்தது.

நாலாம் நாள் காலை அவள் மெதுவாகத் தொடங்கவில்லை. எவ்வளவு பலமாகக் குத்தினால் அம்மா வருவாள் என்று மூன்று நாளில் கற்றுக்கொண்டிருந்தாள். அந்தப் பலத்திலேயே முதல் குத்தைக் குத்தினாள். மத்தியானத்துக்குள் வலது கண் வீங்கி மூடிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பதுளைக்கு ஓடினோம். கண் டொக்டர் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது, கரைந்த பிறகுதான் பார்வை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும் என்றார். மருந்து விட்டுப் பஞ்சு வைத்துக் கட்டினார்கள். கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். வேறு வழி இருக்கவில்லை, எங்களுக்கே அது தெரிந்தது. சாயந்திரம் அந்த லேடி டொக்டர் வார்டுக்கு வந்தார். கொப்பியை வாங்கிப் புரட்டினார்.

"கூப்பிடுறதுக்கு வேற வழி என்ன குடுத்தனீங்கள்?"

நான் தரையைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"குடுக்கலைங்க" என்றேன்.

டொக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அப்ப நாலு நாளா அவ கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறா. ஒருத்தரும் கேக்கேல்ல" என்றார். கொப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, "அழிக்க வேண்டாம், வைச்சிருங்கோ. திரும்ப முதல்ல இருந்து தொடங்குவம்" என்று போய்விட்டார்.

"ரெண்டு சொன்னாங்களா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். கண்ணில் கட்டோடு தங்கையை ஊருக்குக் கூட்டிவந்த பிறகும், வேலைக்கு வேண்டியதைத் தவிர அவள் என்னோடு பேசவில்லை.

எதைக் கொடுப்பது என்று நான் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. எட்டு வருடமாக அவள் மழைச் சத்தத்துக்குத் தகரக் கூரைக்குக் கீழே நின்று காட்டிக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தின் மூடியை வாங்கி வந்து, காம்பராவுக்கு முன்னால் திண்ணைபோல் இருக்கும் இஸ்தோப்பின் கூரை வளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். அடிக்க ஒரு தேயிலை மிலாறுக் குச்சி. கண் கட்டோடு இருந்தவள் கையில் மிலாறைக் கொடுத்து, அந்தக் கையை என் கைக்குள் வைத்து, தகரத்தில் தட்டினேன். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா உடனே வந்து அவள் தலையைத் தடவினாள். போனாள். மறுபடி தட்டினோம். மறுபடி வந்தாள். முதல் நாள் முழுவதும் இதுதான் எங்களுக்கு வேலை. இடையில் அவள் கை கண்ணுக்குப் போனால் நான் ஒரு பேச்சும் பேசாமல் கையைப் பிடித்துத் தகரத்துக்குக் கொண்டுபோனேன்.

அம்மா நின்ற இடத்தைத் தள்ளித் தள்ளி வைத்தோம். கதவடி, பிறகு முற்றம், பிறகு பீலியடி, பிறகு மலை தொடங்கும் வரம்பு. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது தகரம் தானாகச் சத்தம் போட்டது. கையிலிருந்த கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தேன். மிலாறு அவள் கையில் இருந்தது. அம்மா பீலியடியிலிருந்து நனைந்த காலோடு ஓடி வந்து, வழுக்கி விழுந்து, எழுந்து வந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கண் கட்டை அவிழ்த்த பிறகும் பார்வை இருக்கிறதா என்று தெரியவில்லை. எப்போதும் முகத்தைப் பார்க்காத பிள்ளையிடம் எதைக் காட்டிச் சோதிப்பது? விரலைக் காட்டினோம், வெல்லத்தைக் காட்டினோம், திரும்பவே இல்லை. அம்மா மறுபடி வேலைக்குப் போகும் நாள் வந்தது. எங்கள் மலைக்காரர்கள் எல்லாரிடமும் தகரத்தைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன். கொழுந்து அரைக்கும் ஸ்டோர்ப் பக்கத்து மலைக்காரர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். லயத்தில் யாராவது தகரம் அடித்தால் தீப்பிடித்துவிட்டது என்றுதான் எங்கள் தோட்டத்தில் அர்த்தம்.

தங்கை தட்டினாள். அம்மா வரவேண்டும் அல்லவா, விடாமல் தட்டினாள். அரைமணிக்குள் அந்தப் பக்கத்து மலை முழுவதும் கூடையைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டது. வாளியோடு ஒருத்தி, ஈரச் சாக்கோடு ஒருத்தி, தொப்பியில்லாமல் அவர்களுடைய கங்காணி. முற்றம் நிறைய ஆட்கள் நின்று எங்கே தீ என்று தேடினார்கள். அத்தை இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு, "வாங்க, வாங்க, எங்க வீட்டு மகாராணி கூப்பிட்டாங்க" என்றது. உச்சி நிரையிலிருந்து ஓடி வந்த அம்மா எல்லாருக்கும் பின்னால் வந்து நின்றாள். இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். தங்கை மிலாறைக் கீழே போட்டாள். கழுத்தைச் சாய்த்து அந்தக் கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். யாரையும் தொட்டுப் பார்க்காமல், ஒருவர்மேலும் முட்டாமல், நடுவால் நடந்து நேரே போய் அம்மாவின் படங்கைப் பிடித்தாள்.

"தெரியுதுடி" என்றாள் அம்மா. "இவளுக்குக் கண்ணு தெரியுதுடி."

அந்தக் கங்காணி ஏச வாயெடுத்தவர் பேசாமல் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். சில காலைகளில் தகரத்தை அடித்துக்கொண்டே மற்றக் கையால் கண்ணைக் குத்துவாள். புதுக் கங்காணி வந்து அம்மாவை இறங்க விடாத வாரம் மறுபடி இரத்தம் பார்த்தோம். டொக்டர் அடுத்த படியாக, காத்திருக்கப் பழக்கச் சொன்னார். அதற்கும் நாலு வாய்தான் உதவியது. தகரம் கேட்டதும் அம்மா மேலேயிருந்து, "வாறேன்" என்பாள். அது வாய் மாறி வாய் மாறிக் கீழே இறங்கி, "வாறாளாம்" என்று அத்தையிடம் வந்து சேரும். முதலில் ஒரு செடி எடுத்து முடிக்கும் நேரம், பிறகு பாதி நிரை, பிறகு ஒரு நிரை முழுவதும் எடுத்து முடித்துவிட்டு இறங்குவாள். "வாறாளாம்" என்று கேட்டதும் தங்கை மிலாறை வைத்துவிட்டு, மலையிலிருந்து இறங்கும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பழக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முன்பு ஒரு நாளுக்கு ஒரு பக்கம் நிறைந்த கொப்பியில் ஒரு மாதத்துக் கோடுகள் ஒரு பக்கத்தில் அடங்கின. என்னோடும் அம்மா பேசத் தொடங்கியிருந்தாள்.

அம்மா செத்துப்போவாள் என்பதை நான் யோசிக்கவில்லை. டொக்டரும் யோசிக்கவில்லை. தங்கைக்குப் பதினேழு வயது நடந்தபோது நெஞ்சுச்சளி என்று படுத்தவள், பத்து நாளில் போய்விட்டாள். எங்கள் தோட்டத்தில் புதைக்கும் இடம் மலைக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில். தப்பு மேளம் முழங்க, அம்மாவை அந்தப் பாதையில்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கை இஸ்தோப்பில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டி ஏறி மறைவதைப் பார்த்தாள். அம்மா தினமும் காலையில் ஏறிப் போகும் பாதை அது.

மூன்றாம் நாள் காலை நான் மலையில் நின்றேன். தகரம் கேட்டது.

நிரையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூடையை இறக்கிவிட்டு ஓடினேன். அம்மா ஓடியதுபோலவே ஓடினேன். தங்கை என்னைப் பார்த்தாள். என் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்தாள். தலையைத் தடவப்போன என் கையை எடுத்துக் கீழே விட்டுவிட்டு, மறுபடி தகரத்தை அடித்தாள். நான் முன்னாலேயே நிற்கிறேன், "நான் வந்துட்டேன், பாரு, அக்கா வந்துட்டேன்" என்கிறேன். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

"அந்தத் தகரத்தக் கழட்டி எறிஞ்சிரு ஆயி" என்று அத்தை அழுதது. "என்னால கேக்க முடியல. பெத்த வயித்தப் பொதச்ச எடம் வரைக்கும் கேக்குமே."

"கழட்டுனா கைய எங்க கொண்டுபோவா அத்தை?"

அத்தைக்குப் பதில் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் யாரையாவது கேட்க வேண்டும்போல் இருந்ததால் பதுளைக்குப் போனேன். அந்த டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. அந்த வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். கூப்பிட்டதற்கு யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்று நான் யாரிடமும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதை ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தவள் நான். கூப்பிடுகிறவளுக்கு நான் போதாது என்பதற்குத்தான் மருந்து கேட்டுப் போயிருந்தேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் ஒரு காரியம் நடந்தது. தகரம் கேட்டது. கீழ் நிரையில் நின்ற ஒருத்தி, பல வருடத்துப் பழக்கத்தில், யோசிக்காமல், "வாறாளாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன உடனே தலையில் அடித்துக்கொண்டாள். தகரம் நின்றுவிட்டது. நான் இறங்கி ஓடியபோது தங்கை மிலாறைத் தகரத்துக்குக் கீழே, எப்போதும் வைக்கும் இடத்தில், ஒழுங்காக வைத்துவிட்டு நின்றாள். பழக்கியது நாங்கள்தான். ஒரு செடி நேரம், பாதி நிரை நேரம், ஒரு நிரை நேரம் என்று காத்திருக்க அவளுக்கு எவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொடுத்தோம். அவள் காத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பாதையில் இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு ஆளையும் பார்த்து முடித்து, அடுத்த ஆளைப் பார்த்தாள். கடைசி ஆளும் வந்துவிட்டது.

அப்போது அவள் கை மேலே எழுந்தது. பெருவிரல் முட்டி கண்ணுக்கு நேரே போனது. நான் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று தெரிந்தும் என் கை எழவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நான் நினைத்தேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கை கண்ணருகே நின்றது. பிறகு இறங்கியது. குனிந்து மிலாறை எடுத்துத் தகரத்தை மெதுவாக, மூன்று முறை, நாங்கள் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததுபோலவே தட்டினாள்.

அந்தக் கண்ணைக் காப்பாற்றிவிட்டோம். அந்தக் கண்ணால்தான் அவள் மறுபடி பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.